சாம்பலுக்கு ஓர் இடம்

நாவலுக்கு விமர்சனம் எழுதலாம், நாடகத்துக்கு எழுதலாம். சங்கீதக் கச்சேரிக்குக்கூட ஸ்வரம் தெரியாதவர்கள் துணிந்து எழுதிவிடுகிறார்கள். ஒரு மரப்பெட்டிக்கு விமர்சனம் எழுதப் போகிறேன் என்று நான் உட்கார்ந்தால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். நல்ல நாவல் ஒன்றைப் படித்து முடித்ததும் மனசுக்குள் ஒரு வழக்கு நடக்குமல்லவா, அப்படி ஒரு வழக்கு இந்தப் பெட்டியைப் பார்த்த நாள் முதலாக எனக்குள் நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்புச் சொல்லும்படி என்னை நேரிலேயே கேட்டவர்களும் இருக்கிறார்கள். ஆகவே தப்பித்துக்கொள்ள வழியில்லை.

பெட்டி இருப்பது சாணார்பட்டியில். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில், சிறுமலையைப் பார்த்துக்கொண்டே போனால் வருகிற ஊர். அங்கே என் மாமா வீடு. மாமா என்றால் என் தாயாருக்குத் தம்பி முறை. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பதினோராம் வயசில் சுருட்டுச் சுற்ற உட்கார்ந்தவர், விரல் நடுங்க ஆரம்பித்த பிறகுதான் எழுந்தார். சுற்றியதில் நாளுக்கு நாலைந்து தமக்கென்று எடுத்துவைத்துக்கொள்வார். அறுபது வருஷத்துப் புகை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் அவர் மார்பைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒன்றுகூடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாமாவும் விட்டுவிட்டார். விட்டதில் அவருக்குப் பெருமையும் உண்டு, கோபமும் உண்டு. எந்த நேரம் எது மேலே வரும் என்று சொல்ல முடியாது.

அவருடைய பேரன் ஜப்பானில், ஓஸாகா நகரத்தில், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். பக்கத்து நகரமான கியோட்டோவில் தோஜி என்று ஒரு பழைய புத்தர் கோயில் இருக்கிறது. மாதம் தவறாமல் 21-ஆம் தேதி அதன் வளாகத்தில் சந்தை கூடும். பழைய துணி, பழைய பீங்கான், பழைய மரச்சாமான் எல்லாம் வந்து குவியும். அந்தச் சந்தையில்தான் பையன் இந்தப் பெட்டியைக் கண்டான். விலை பேசி வாங்கி, சட்டை வேட்டிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றி விமானத்தில் கொண்டுவந்து, "தாத்தா, இது உங்களுக்குத்தான்" என்று திண்ணையில் வைத்தான். புகை பிடிக்கிறவர்களுக்கென்றே ஜப்பானியர்கள் செய்த பெட்டி அது.

வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. பையனைப் பெற்றவள் எனக்குத் தங்கச்சி முறை. அவள் என்னைக் கண்டதும், "அடுப்பை அணைச்சு ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே. இப்பப் போயி வெறகு வாங்கிட்டு வந்திருக்கான் பாருங்க" என்றாள். "அழகா இருந்துச்சும்மா, அதான் வாங்குனேன்" என்றான் பையன். அழகாக இருந்தது என்பது ஒரு பதிலா? வழக்கே அதுதான். "மாமா, நீங்க எழுதுறவங்க. நீங்களே சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பிவிட்டான். மாமா ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் பெட்டியைச் சொல்லிவிடுகிறேன். நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. அகலம் ஒரு சாண். உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு போக மேலே வளைவான மரக் கைப்பிடி. மேல்தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழிகள். ஒன்றில் செப்புத் தகடு பதித்து, அதற்குள் ஒரு சின்னப் பீங்கான் கிண்ணம் உட்கார்ந்திருக்கிறது. மற்றதில் ஒரு மூங்கில் குழாய் நிற்கிறது. கீழே இரண்டு இழுப்பறைகள். வெளிமரம் முசுக்கட்டை, பட்டுப்புழுவுக்கு இலை போடுகிற அதே மரந்தான். வயதாக ஆகத் தேன் நிறம் ஏறுமாம், ஏறியிருக்கிறது. இழுப்பறையின் உள்மரம் வேறு. பவுலோனியா என்று பையன் சொன்னான். கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. ஓர் இழுப்பறையை மூடினால் உள்ளே அடைபட்ட காற்று மற்ற இழுப்பறையை மெல்ல வெளியே தள்ளுகிறது. அவ்வளவு நெருக்கமான வேலை. இதை மாமா ஐந்தாறு தடவை செய்து பார்த்தார். கைத்தொழில் செய்தவருக்கு மற்றொரு கைத்தொழில்காரனின் சாமர்த்தியம் உடனே தெரிந்துவிடுகிறது. "பய வேலைக்காரன்" என்றார். செய்தவன் செத்து நூறு வருஷம் ஆகியிருக்கலாம்.

ஜப்பானியர்கள் இதற்குத் தபாகோ-பொன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொன் என்றால் அவர்கள் பாஷையில் தட்டு. நம் பொன் இல்லை. ஆரம்பத்தில் வெறும் தட்டாக இருந்து, பிறகு விளிம்பு வளர்ந்து, இழுப்பறை முளைத்துப் பெட்டியாகிவிட்ட சாமான் இது. பீங்கான் கிண்ணத்தில் சாம்பலைப் படுக்கை மாதிரி பரப்பி, நடுவில் கனல்கிற கரித்துண்டு ஒன்றைப் புதைத்து வைப்பார்கள். தீப்பெட்டி இல்லாத காலத்து ஏற்பாடு. புகைக்குழாய்க்குக் கிசேரு என்று பெயர். இரண்டு முனையும் உலோகம், நடுவில் மெல்லிய மூங்கில். அதன் வாயில் ஒரு பட்டாணி அளவுதான் புகையிலை கொள்ளும். புகையிலையையும் தலைமயிர் போல அத்தனை மெல்லிசாகச் சீவியிருப்பார்கள். ஒரு சிட்டிகை எடுத்து உருட்டி வைத்துக் கனலில் காட்டி இழுத்தால் இரண்டு இழுப்பு, மிஞ்சிப் போனால் மூன்று. தீர்ந்தது. உடனே குழாயைக் கவிழ்த்து மூங்கிலில் தட்டிவிட வேண்டும். சாம்பல் அதற்குள் விழுந்துவிடும். மூங்கில் கரிந்து பழசானால் வேறு ஒன்று வெட்டிச் செருகிக்கொள்ளலாம்.

புகையிலை அவர்களுக்கும் அந்நியச் சரக்குத்தான். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது. 1610-களில் அரசாங்கம் தடை போட்டுப் பார்த்தது. நம் தேசத்திலும் ஜஹாங்கீர் பாதுஷா 1617-இல் தடை போட்டார். இரண்டு தடையும் ஒரே கதியை அடைந்தன. நிறுத்த முடியாது என்று தெரிந்த பிறகு ஜப்பானியர்கள் செய்த காரியந்தான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. அந்தப் பழக்கத்துக்கு மரியாதை விதிகள் ஏற்படுத்திவிட்டார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைப்பது உபசாரம். அவர்களுடைய தேநீர்ச் சடங்கில் இன்றைக்கும் இதற்கு இடம் இருக்கிறது. யாரும் பற்றவைப்பதில்லை. ஆனாலும், 'சிரமப்படாமல் உட்காருங்கள்' என்பதற்கு அடையாளமாகத் தட்டு வந்து உட்காருகிறது. கிண்ணத்துச் சாம்பலைக்கூட அழகாகச் சீவிவிட்டிருப்பார்கள்.

என் முதல் அபிப்பிராயத்தை இங்கே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். இந்தப் பெட்டியில் நான் ரசித்தது மரத்தை இல்லை, இழுப்பறையையும் இல்லை. செய்தவன் சாம்பலை மறக்கவில்லை. நெருப்புக்கு ஓர் இடம், இலைக்கு ஓர் இடம், எரிந்து முடிந்ததற்கு ஓர் இடம் என்று மூன்றையும் சரிசமமாக மதித்து வைத்திருக்கிறான். ஒரு சுகத்தை அனுபவிப்பவன் அதன் மிச்சத்தையும் தன் கண்முன்னாலேயே வைத்துக்கொண்டு அனுபவிக்க வேண்டும் என்று பெட்டி கட்டாயப்படுத்துகிறது.

இதை நான் திண்டுக்கல் சீமையில் உட்கார்ந்து சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. புகையிலை விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலீஷில் செரூட் என்கிற சொல்லே நம் 'சுருட்டு'தான். கானன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், துப்பறிகிறவர் கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்துவிட்டு, கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார். பெயர் திருச்சிக்குப் போய்விட்டதே ஒழிய, அந்தச் சுருட்டுகளுக்குப் பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்து இலைதான் போயிற்று. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த மனஸ்தாபம் இன்னும் உண்டு. (கொலைகாரனிடம் ஒரு மூங்கில் குழாய் இருந்திருந்தால் ஹோம்ஸ் திண்டாடியிருப்பார் என்பது வேறு விஷயம்.) ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை வைத்து நடத்தியது. சுருட்டுப் புகையிலைக்கென்றே 1948-இல் வேடசந்தூரில் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஊசிக்கப்பல், வட்டக்கப்பல், கருங்கப்பல் என்று இலைகளின் பெயரைச் சொல்லும்போது மாமாவின் குரலே மாறிவிடும். பேரக் குழந்தைகளின் பெயரைச் சொல்கிற மாதிரி இருக்கும்.

புலவர்களும் சும்மா இருக்கவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர் பழனியாண்டவருக்குப் புகையிலையையே தூது அனுப்பி ஒரு பிரபந்தம் பாடியிருக்கிறார். உ. வே. சாமிநாதையர் அதைத் தேடிப் பதிப்பித்தார். வில்வமும் துளசியும் கைவிட்டுப் போய்விட, பிரமன் கையில் இருந்த இலை மட்டும் போகாமல் நின்றதாம். போகாத இலைதான் புகையிலை ஆயிற்றாம். சிலேடை நன்றாகத்தான் இருக்கிறது. போகாத இலைதான். மாமாவின் மார்பை விட்டு அது இன்னும் போகவில்லை.

இத்தனை பெருமை உள்ள சீமையில் சுருட்டுக்கு என்று ஒரு பெட்டி இருந்ததா? சீமைக்கு ஏற்றுமதியான சுருட்டுக்கு இருந்தது. தங்க எழுத்தும் வர்ணப் படமும் ஒட்டிய மரப்பெட்டி. சுற்றியவன் வீட்டில் அது இருந்ததில்லை. மாமாவின் சுருட்டு காது மடலில் இருக்கும், இல்லையானால் வேட்டி மடியில் இருக்கும். பிற்காலத்தில் ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. சாம்பலுக்குத் தேங்காய்க் கொட்டாங்கச்சி. அதுவும் அவர் வைத்துக்கொண்டதில்லை. அத்தை கொண்டுவந்து வைத்தது. அதற்கு முன்னால் திண்ணை முழுக்கச் சாம்பலாக இருக்கும். அவள் பெருக்குவாள். "ஓட்டைக் கொட்டாங்கச்சிகூட மூணு மாசத்துல புகையேறி ஜப்பான் சாமான் மாதிரிதான் மின்னும்" என்றார் மாமா. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

நம்மிடம் இந்தப் பெட்டிக்கு நிகராக ஒன்று உண்டு என்றால் அது வெற்றிலைச் செல்லந்தான். ஒப்பிட்டுப் பாருங்கள். இலைக்கு ஓர் அறை, பாக்குக்கு ஓர் அறை, புகையிலைக்கு ஓர் அறை. ஜப்பானியன் கனல் கிண்ணம் வைத்தான். நாம் சுண்ணாம்புக் கரண்டகம் வைத்தோம். அவன் கிசேருவைச் சாய்த்த இடத்தில் நமக்குப் பாக்குவெட்டி. விருந்தாளி வந்தால் முன்னால் நகர்த்தி வைப்பதும் அப்படியே. ஓர் இடத்தில்தான் வித்தியாசம். அவன் சாம்பல் குழாயைப் பெட்டிக்குள்ளேயே சேர்த்துவிட்டான். நாம் படிக்கத்தைத் தனியாக வைத்தோம். செல்லம் நடுக்கூடத்தில் பளபளவென்று இருக்கும். எச்சில் படிக்கம் கட்டிலுக்குக் கீழே, கதவுக்குப் பின்னால், கண்ணில் படாமல் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போகிறவளும் கண்ணில் படமாட்டாள்.

நம் நாவல்களை நினைத்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். ஒரு பண்ணையாரைக் காட்ட வேண்டுமா, ஊஞ்சலும் வெற்றிலைச் செல்லமும் போதும் என்று நம் எழுத்தாளர்களில் பாதிப் பேர் முடிவு செய்துவிட்டோம். சினிமாக்காரர்கள் முழுப் பேரும். பண்ணையார் செல்லத்தைத் திறப்பார், காம்பு கிள்ளுவார், முதுகுப்புறம் சுண்ணாம்பு தடவுவார், ஏழையின் தலைவிதியைத் தீர்மானிப்பார், பிறகு 'புளிச்சென்று' துப்புவார். எங்கே துப்பினார்? அத்தியாயம் முடிந்துவிடும். பெட்டி கதைக்குள் வருகிறது. அதன் மிச்சம் வருவதில்லை. நாடக மேடையில் வைத்த அட்டைப் பழம் மாதிரி, பார்க்க மட்டும் ஒரு செல்லம்.

ஊரைச் சொல்லுவானேன்? நானே செய்திருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் என் இரண்டாவது நாவலில் ஒரு பித்தளைச் செல்லத்தை ஒன்றரைப் பக்கத்துக்கு வர்ணித்திருந்தேன். மூடியில் அன்னப்பட்சி, கைப்பிடியில் யாளி, எல்லாம் உண்டு. பாராட்டி இரண்டு மூன்று கடிதங்கள் வந்தன. கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓர் அம்மாளிடமிருந்து மட்டும் வேறு மாதிரி ஒரு கார்டு வந்தது. 'உங்கள் நாவலில் வருகிற பெரியவர் நாளொன்றுக்கு இருபது தடவை வெற்றிலை போடுகிறார். முந்நூறு பக்கத்தில் ஒரு தடவையாவது அந்தப் படிக்கத்தை யாராவது கழுவியிருக்கக் கூடாதா?' என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. எழுதுவதற்கு என்ன இருந்தது? என் நாவலுக்கு வந்த விமர்சனங்களில் அதற்கு இணையாக இன்றுவரை வேறொன்று வரவில்லை.

அந்தக் கார்டு நினைவில் இருந்ததனால்தான் ஜப்பானியப் பெட்டியை முதல் பார்வையில் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். சற்று யோசித்தபோது அந்தக் கார்டே இதற்கும் பொருந்தும் என்று பட்டது. பழைய ஜப்பானிய மர அச்சுப் படங்கள் பிரசித்தமானவை. உதாமாரோ போன்ற சித்திரக்காரர்கள் கையில் நீண்ட கிசேருவோடு பெண்களை வரைந்திருக்கிறார்கள். விரல்கள் அந்தக் குழாயைத் தாங்கியிருக்கிற ஒயில் கண்ணை விட்டு அகலாது. ஆனால் விடிகாலையில் கரியைக் கனியவைத்துக் கொண்டுவந்தவள் யார், சாம்பலைச் சீவிவிட்டவள் யார், ராத்திரி மூங்கிலைக் கொட்டிக் கழுவியவள் யார்? பெட்டி சாம்பலுக்கு இடம் வைத்தது. அதைக் கொட்டுகிற கைக்கு வைக்கவில்லை. கைப்பிடி மேலே இருக்கிறது என்றால் யாரோ தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்றுதானே அர்த்தம்? எஜமானன் தூக்கியிருக்க மாட்டான்.

இதை நான் சொன்னபோது மாமா கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. "சாம்பலுக்கு எடம் இருக்கு மாப்ளே. இருமலுக்கு எங்க இருக்கு?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அதுவே வந்துவிட்டது. ஒரு நிமிஷத்துக்கு மேல் இருமினார். நாங்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தத்தை டால், ஹில் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இங்கிலாந்தில் 1950-இலேயே எழுதி அச்சிட்டுவிட்டார்கள். அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை வைத்திய அதிகாரி 1964-இல் அறிக்கையே வெளியிட்டார். மாமா சுருட்டுச் சுற்ற உட்கார்ந்தது இந்த இரண்டுக்கும் நடுவில். சமாச்சாரம் சாணார்பட்டித் திண்ணைக்கு வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று என்பது அந்த மார்புப் படத்தில் இருக்கிறது. இன்றைக்குக் கடையில் விற்கிற சிகரெட் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். 2016 முதல் நம் தேசத்தில் அதன் முகப்பில் 85 சதவீத இடம் எச்சரிக்கைக்குத்தான். அழுகிய தொண்டையின் படம். கையில் எடுக்கவே கூசும். கலைப்பொருள் என்று அதை யாரும் நூறு வருஷம் கழித்துச் சந்தையில் தேடப்போவதில்லை. ஆனால் உள்ளே இருப்பது இன்னது என்று தன் முகத்திலேயே சொல்லிவிடுகிற பெட்டி அது ஒன்றுதான். முசுக்கட்டைப் பெட்டி இந்த விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. செய்தவனுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெட்டியை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போகவும் வரவில்லை.

பையனுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பெட்டி செத்துப்போன ஒரு பழக்கத்தின் சாமான். ஜப்பானில் 1904-இல் புகையிலைத் தயாரிப்பு முழுவதும் அரசாங்கத்தின் ஏகபோகமாயிற்று. சிகரெட் பரவப் பரவக் கிசேரு மூலைக்குப் போயிற்று. மூன்று இழுப்புக்கு ஒரு தடவை நிறுத்தித் தட்டி மறுபடி நிரப்ப யாருக்குப் பொறுமை இருக்கிறது? டோக்கியோவில் புகையிலைக்கும் உப்புக்கும் சேர்த்து 1978-இல் ஒரு காட்சிசாலையே திறந்தார்கள். வீடுகளில் இருந்த பெட்டிகள் தையல் சாமான் பெட்டி, நகைப்பெட்டி, பூச்சாடி மேடை என்று பல அவதாரம் எடுத்துவிட்டன. எனவே பையன் விறகு வாங்கி வரவில்லை. தாத்தாவின் பிஸ்கட் டப்பாவும் கொட்டாங்கச்சியும் ஒன்றாகச் சேர்ந்து அழகாகிவிட்ட ஒரு வஸ்துவைத் தூர தேசத்தில் கண்டதும் அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அவன் சின்னப் பிள்ளையாகத் தூங்கினது அந்தப் புகை வாசனையில்தான். அந்த வாசனை நல்லதா கெட்டதா என்று குழந்தைக்குத் தெரியாது. எனக்கும் என் தாத்தாவின் மூக்குப்பொடி வாசனை இன்றைக்கும் இனிமையாகத்தான் இருக்கிறது.

இவ்வளவும் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். பெட்டியில் எதை வைப்பது என்ற கேள்விக்கு அப்போதும் பதில் இல்லை. தங்கச்சி விபூதி குங்குமம் வைக்கலாம் என்றாள். பையன், சும்மா பார்வைக்கு இருக்கட்டுமே என்றான். மாமா மட்டும் இழுப்பறையை விரலால் அளந்துகொண்டிருந்தார்.

"நம்ம சரக்கு இதுல அடங்காது" என்றார். "நீளம் பத்தாது."

அதுவரை கதவோரம் நின்றுகொண்டிருந்த அத்தை உள்ளே போனாள். அரிசி டின்னைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு சுருட்டு இருந்தது. வீட்டில் ஒரு துணுக்குக்கூட இல்லாமல் எல்லாவற்றையும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எரித்துவிட்டோம் என்று தங்கச்சி எண்ணிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு இருக்கட்டும்னு வச்சேன்" என்றாள் அத்தை. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மாமா சுருட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். "நான் சுத்துனதுதான்" என்றார். இழுப்பறையில் வைத்துப் பார்த்தார். அவர் சொன்னபடியே தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறுபடி எடுத்துக் காதோரம் வைத்து மெல்ல உருட்டினார். பொடி உதிர்ந்தது. குண்டூசி முனையளவு துவாரங்கள் வரிசையாக இருந்தன. "வண்டு விழுந்துருச்சு. இனிமே புகை இழுக்காது" என்று சொல்லிவிட்டு, அதை இரண்டாக ஒடித்து மூங்கில் குழாய்க்குள் போட்டார். குழாய் அதற்குச் சரியாக இருந்தது.

தங்கச்சி எழுந்து போய் அவருடைய இன்ஹேலரையும் மாத்திரைப் பட்டையையும் கொண்டுவந்து இழுப்பறையில் வைத்தாள். கச்சிதமாக அடங்கியது. மூடியபோது பக்கத்து இழுப்பறை கொஞ்சம் வெளியே வந்தது. பையன் சிரித்தான்.

அத்தை மூங்கில் குழாயைக் கையில் எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "சரி, இதை யாரு கழுவுறது?" என்றாள்.

எனக்குக் கும்பகோணத்துக் கார்டு ஞாபகம் வந்தது. பையன் கையை நீட்டினான். அதற்குள் மாமா, "குடு இங்கிட்டு" என்று வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார். நாலு எட்டு வைத்து, கதவைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, கொல்லைக் குழாயடிக்குப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.